திருப்பூரில் பிரிந்து கிடந்த மேலங்கி

2007 மார்ச் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, முதல் பூசை கண்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய பள்ளி அறையைத் திறந்தேன். அதைத்தான் இப்போது அருங்காட்சியகம் என்கிறோம். திங்கட்கிழமைகளில் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை உலர்ந்த துணியால் துடைப்பேன். புளி போட்டுத் துலக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியும் போன மாதம் யாரோ பக்தி மிகுதியில் தூபக்கலசத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போனார்கள். செபஸ்தியார் சுரூபத்தின் அடியில் பூச்சி அரித்த புதிய மரத்தூள் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழவில்லை. அறையைப் பூட்டிவிட்டுப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே நான் எழுத்தர்.

பதினோரு மணிக்குப் பங்குச்சாமியார் ஆள் அனுப்பினார்.

"குருத்து ஞாயிறுக்கு ஆயர் வந்து அருங்காட்சியகத்தைத் திறந்து வைக்கார். நடுக் கண்ணாடிப்பெட்டி இன்னும் காலியா கெடக்கு. நீரே திருப்பூருக்குப் போய் அதை எடுத்துட்டு வாரும்" என்றார்.

அது என்றால் வியாகுல மாதா சுரூபத்தின் மேலங்கி. கறுத்த வெல்வெட், ஓரம் முழுக்க ஜரிகை. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு முறை, பெரிய வெள்ளி மாலை மட்டும், மாதா அதை உடுத்தித் தெருவில் இறங்குவாள். மாதாவுக்கு உடுத்திவிடுவது ஒரே வீட்டுப் பெண்கள். திரையை இழுத்துக்கொண்டு உள்ளே நிற்பார்கள். ஆண்கள் யாரும் மேலங்கியைத் தொடுவதில்லை. போன வருடம் ஜரிகை கிழிந்து தொங்கியது. அந்த வீட்டுப் பெண் மரியபுஷ்பமும் அவள் கணவன் ராயப்பனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். "எங்ககிட்ட இல்லாத மிஷினா?" என்று ராயப்பன் சொல்ல, மரியபுஷ்பம் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம்தான் அருங்காட்சியக யோசனை வந்தது. பழையதைப் பெட்டியில் வைத்துவிட்டால் ஊர்வலத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் அல்லவா? அதையும் தானே செய்து தருவதாக ராயப்பன் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு என்றான், பொங்கலுக்கு என்றான். ஊருக்குள், திருப்பூர்க்காரர்கள் மேலங்கியை வைத்துக்கொண்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அன்று மாலையே புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தவறு செய்தேன். ரயில் நின்றது. "இறங்குங்க, இறங்குங்க" என்று யாரோ சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். வண்டி போன பிறகு பலகையைப் பார்த்தால் ஊத்துக்குளி. பக்கத்தில் பால் கேனை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் திருப்பூர் எங்கே என்று கேட்டேன்.

"ஏனுங்க, அது அடுத்ததுங்களே! வண்டி கிராசிங்குக்கு நின்னா எறங்கிப் போடறதுங்களா?" என்று சிரித்தாள். சிரித்த கையோடு, "டீக்கடையில வெண்ணெய் போட்டுத் தோசை சாப்புட்டுப் போங்க. எறங்குனது எறங்கிப் போட்டீங்க" என்றாள்.

சாப்பிட்டேன். தோசையின் நடுவில் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் உருகி ஓடியது. எங்கள் ஊரில் வெண்ணெயை இப்படித் தாராளமாக வைத்தால் கடைக்காரனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள். தவக்காலத்தில் இந்த அளவு ருசி தகுமா என்ற யோசனையோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் நூல் மூட்டைகள். கால் மாற்றி வைக்க இடமில்லை.

திருப்பூரில் யாரும் நின்று பேசுவதில்லை. டீயைக்கூட நடந்துகொண்டே குடிக்கிறார்கள். எதிரே வருகிறவர்களின் தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் ஒரு பாலத்தடியில் கத்திரிப்பூ நிறம், அடுத்த பாலத்தடியில் செங்கல் நிறம். எனக்கும் அந்த வேகம் தொற்றிக்கொண்டது. எங்கும் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. ராயப்பன் சொன்ன தெருவைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாவது ஆள் இந்தியில் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "அவருக்கும் தெரியாதாம், அவரும் நேத்துத்தான் வந்தாராம்."

கம்பெனி வாசலுக்கே ராயப்பன் வந்துவிட்டான். நாற்பத்தைந்து வயது. கழுத்தில் அளவு நாடா. இங்கே அவன் கட்டிங் மாஸ்டர்.

"வாருங்க அண்ணாச்சி. சாப்பிட்டியளா? மேல சாம்பிள் ரூம்ல இருக்கு. பார்த்தா அசந்து போவிய."

அசந்துதான் போனேன்.

நீளமான மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் மேலங்கி துண்டு துண்டாகக் கிடந்தது. முதுகுப்பாகம் தனி. இரண்டு தோள்கள் தனி. கழுத்துப் பட்டி தனி. உள்துணி வேறு, ஜரிகை வேறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே வடிவத்தில் வெட்டிய பழுப்புக் காகிதம். மேசையின் மறுகோடியில் புதிய மேலங்கி முழுமையாகத் தைத்து மடித்து வைத்திருந்தது.

பையைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன்.

"யாரு பிரிச்சது?"

"பிரிக்காம எப்படி அண்ணாச்சி பேட்டர்ன் எடுக்க முடியும்?" ராயப்பனுக்கு என் முகம் புரியவில்லை. "எந்த நாட்டுச் சாம்பிள் வந்தாலும் முதல்ல பிரிச்சுத்தான் பேப்பர்ல வைப்போம். அப்பத்தான் ஒரு நூல் பிசகாது. அந்தாப் பாருங்க புதுசை. மாதாவே வந்தாலும் எது எதுன்னு கண்டுபிடிக்க முடியாது."

"பழசு?"

"வியாழக்கிழமை காலைல ஒரு மிஷின் காலியாகுது. நம்ம ஃப்ளோர்லயே நல்ல டெய்லர். அரை மணி நேரத்துல பழையபடி மூட்டிரலாம்."

எனக்குச் சென்னையில் பத்து நாள் அருங்காட்சியகப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய துணி பற்றி அங்கே சொன்னதில் என் மனதில் நின்றது இது: வந்த நிலையில் வைத்துக் காப்பாற்று, புதிதாக எதையும் செய்யாதே. அதைச் செய்ய எனக்குத் தெரியும். துண்டு துண்டாக வந்ததை என்ன செய்வது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது மரியபுஷ்பம் உள்ளே வந்தாள். கீழே செக்கிங் பகுதியில் வேலை. பனியன்களில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பவள். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி.

"அவுகளை ஏசாதிய அண்ணாச்சி. பிரிச்சது நான். மூணு ஞாயித்துக்கெழமை ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்து பிரிச்சேன். அவுக காகிதத்தைத்தான் தொட்டாவ."

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். பிரித்த நூல் முழுவதும் அதில் இருந்தது. ஒரு இழையைக்கூட அவள் கீழே போடவில்லை. எரிச்சலுக்கு நடுவிலும் எனக்கு அது பிடித்தது.

துண்டுகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். தொடக் கூடாது என்பதால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் திருப்பிக் காட்டினாள். தோள் துண்டின் ஓரத்தைத் திருப்பியபோது நான் குனிந்து பார்த்தேன். தையலுக்குள் மடிந்திருந்த விரல் அகல வெல்வெட் கறுப்பாக இல்லை. ஆழ்ந்த நீலமாக இருந்தது. மாதாவின் மேலங்கி கறுப்பு என்று ஊரே சொல்கிறது. எங்கள் அப்பா காலத்திலும் கறுப்புத்தான். எத்தனையோ பெரிய வெள்ளிகளின் மெழுகுதிரிப் புகையும் தூபமும் அதைக் கறுப்பாக்கியிருக்கின்றன.

"நான் பார்த்தப்போ அழுதுட்டேன்" என்றாள் புஷ்பம்.

"அழுதது நான்தான்" என்றான் ராயப்பன். "புதுசுக்குத் துணியைக் கறுப்புக்கு மேட்ச் பண்ணி டையிங் போட்டு முடிச்ச பிறவுதான் இதைத் தொறந்தா. துணி வாங்குத பையர் பார்த்தா ஷேட் ரிஜெக்டுன்னு தூக்கி எறிவான்."

புதியது கறுப்பாகவே இருக்கட்டும், ஊர் அறிந்த மாதா அவள்தான் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கம்பெனி முதலாளி பொன்னுசாமி மதியம் வந்தார். காங்கயம் பக்கத்தில் பூமி உள்ள குடும்பம். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"சாருங்களா? வாங்க, வாங்க. எங்கூட்ல நாட்டுக்கோழி அடிச்சிருக்குதுங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்."

தவக்காலம், இறைச்சி கிடையாது என்றேன்.

"அட, எங்களுக்குப் புரட்டாசியாட்டங்களா? அப்ப அரிசிம்பருப்புச் சாதம் போடச் சொல்றேனுங்க. நெய் ஊத்துலாமுங்கல்ல?"

நெய் ஊற்றலாம். சாப்பாடு கம்பெனிக் கீழ்த்தளத்துக்கே வந்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்த சாதம், பூண்டு, மேலே நெய். நல்ல சாப்பாடு. ஆனால் பாதியிலேயே எழுந்து மேலே போய் அறை பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பொன்னுசாமி அதைக் கவனித்தார். கை கழுவியதும் சாம்பிள் ரூம் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. உங்க மனசு அங்கியே நிக்குது."

புதன்கிழமை காலை முழுக்க வாக்குவாதம்.

புஷ்பத்திடம் ஒரு துண்டை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பழைய தையல் துளைகள் வரிசையாக வெளிச்சம் காட்டின. "இதுக்குப் பக்கத்துல மிஷின் இன்னொரு வரிசை துளை போட்டா என்னாவும்? தபால் தலை மாதிரி ஓரத்தோட கிழிஞ்சு வரும். இந்த வருஷம் வராது. பத்து வருஷத்துல வரும்" என்றேன்.

ராயப்பன் பார்த்தான். அவன் தொழில்காரன், இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் முகம் இருண்டுவிட்டது.

"அப்ப என்ன செய்யச் சொல்லுதிய?"

"அப்படியே தரச் சொல்லுதேன். துண்டா இருக்கதைத் துண்டாவே பெட்டியில விரிச்சு வைப்பேன். அதுதான் முறை. நீலம் தெரியுத மாதிரி வைக்கலாம்."

"முறையா?" அவன் குரல் உயர்ந்தது. கீழே மிஷின் சத்தத்தையும் மீறி உயர்ந்தது. "அம்மை உடுப்பைக் கோழிக்கறி மாதிரி கூறு போட்டுக் கண்ணாடிக்குள்ள வச்சு, பக்கத்துல அட்டையும் எழுதி வைப்பிய. கிழிச்சவன் ராயப்பன், திருப்பூர். ஆயர் படிப்பாரு. அப்புறம் ஊரு படிக்கும். எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான்?"

"உம்ம பேரை எழுத மாட்டேன்."

"நீரு எழுதாட்டி என்ன? ஊருக்கு வாயில்லையா?"

உண்மையைச் சொன்னால், முந்தின நாள் படுக்கப் போகும்போதே அந்த அட்டையின் வாசகத்தை மனதில் எழுதிப் பார்த்திருந்தேன். பெயர் இல்லாமல்தான். 'மாதிரி எடுப்பதற்காகப் பிரிக்கப்பட்டது' என்று. எனக்கு அது சரியான வாசகமாகவே பட்டது. இப்போது அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

புஷ்பம் இவ்வளவு நேரமும் துண்டுகளின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் கத்தி முடிச்சாச்சா?" என்றாள். "நான் பிரிச்சேன், நான் சேர்க்கேன். கையால. இருக்க ஓட்டையிலயே ஊசியை விட்டு எடுத்தா புது ஓட்டை விழாதுல்லா?"

ராயப்பன் சிரித்துவிட்டான். "கையாலயா? நீ கையால தைச்சு எத்தனை காலமாச்சு? சட்டை பட்டன் அறுந்தாலே மிஷின்ல குடுத்து வாங்குத ஆளு!"

"பிரிக்கத் தெரிஞ்ச கைக்குத் தைக்கத் தெரியாதாக்கும்? போங்க அந்தால."

நான் அறைக்குள் மேலும் கீழும் நடந்தேன். பயிற்சியில் இதற்கும் இடம் இருந்தது. மெல்லிய பட்டு நூல், பழைய துளை, இழுத்து இறுக்காத தையல்; நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் சேதமில்லாமல் பிரிய வேண்டும். இவற்றைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் புஷ்பம் தலையாட்டினாள். கடைசியாக, கழுத்தருகே நாலு விரல் அளவு தைக்காமல் விடு, நீலம் வெளியே தெரியட்டும் என்றேன்.

"அது மட்டும் முடியாது அண்ணாச்சி. அம்மை மேலங்கி கழுத்துப் பக்கம் திறந்து கெடக்கணுமா? ஆம்பிளையளெல்லாம் வந்து பார்க்கவா?"

"சாட்சி அது. ஒரு காலத்துல இதுதான் நிறம்னு..."

"நீங்க பார்த்தாச்சு. நோட்டுல எழுதுவிய. போதும்."

விட்டுக்கொடுத்தேன். என்னிடம் இருந்த சின்ன ஃபிலிம் கேமராவில் நீல ஓரத்தை மூன்று படம் எடுத்தேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் நிறம் எப்படி விழுந்திருக்குமோ, கழுவி வந்தால்தான் தெரியும். சரியாக விழாவிட்டால் அந்த நீலத்தைப் பார்த்தவர்கள் எங்களோடு முடிந்தது. இதை எழுதும்போதும் அந்த நினைப்பு உறுத்துகிறது.

மதியம் ஊசி தேடிப் புறப்பட்டோம். வீட்டில் இருந்தவை மூட்டை தைக்கும் கோணியூசியும் பொத்தான் தைக்கும் ஊசியும்தான். இரண்டும் அந்தத் துளைக்குத் தடிமன். மிஷின் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு ராயப்பன் என்னை ஸ்கூட்டரில் அழைத்துப்போனான். ஊசி என்றதும் முதல் கடைக்காரர் மேசை நிறையப் பெட்டிகளைப் பரப்பினார்.

"ஜெர்மன் இருக்குதுங்க, ஜப்பான் இருக்குதுங்க. எந்த மிஷினுக்குங்க?"

"மிஷினுக்கு இல்லை. கைக்கு."

"கைக்குங்களா?" என்று என் கையைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏப்பா, கையில தைக்கிற ஊசி நம்மகிட்ட இருக்குதா?" என்று கேட்டார். உள்ளே யாரோ சிரித்தார்கள். "இல்லீங்க. இந்தத் தெருவுலயே இருக்காதுங்க."

அவர் சொன்னது சரி. அடுத்தடுத்த கடைகளிலும் அதே கதைதான். உலகத்துக்கே தைத்து அனுப்பும் ஊரில் ஒரு மெல்லிய கை ஊசி கிடைக்கவில்லை. வழியில் ஸ்கூட்டர் வேறு நின்றுவிட்டது. ராயப்பன் அதைச் சாய்த்துப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மறுநாள் காலை அந்த மிஷின் காலியாகும் என்ற நினைப்புத்தான். ஊசி கிடைக்காவிட்டால் அவன் மனம் மறுபடியும் அந்தப் பக்கம் சாயும்.

வண்டி கிளம்பித் திரும்பும் வழியில் ஒரு கோயில் தெருவில் சாமிக்குப் பட்டுப் பாவாடை, தேர்த் தொம்பை, குடை எல்லாம் தைத்துத் தொங்கவிட்ட சின்னக் கடை ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஜரிகையைக் கையால் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ராயப்பன் விஷயத்தைச் சொன்னான்.

"வெல்வெட்டுங்களா? பழசுங்களா?" என்றார் அவர், தலை நிமிராமல். "செலை எத்தனை அடியுங்க?"

"நாலரை அடி."

"நின்ன கோலமா, உக்காந்த கோலமா?"

"நின்னபடிதான். கையில மகனுக்குக் குத்தின ஆணியும் முள்முடியும் இருக்கும்."

அவர் கை நின்றது. ஒரு கணம் எங்களைப் பார்த்தார். தகர டப்பாவில் இருந்து மயிரிழை போன்ற ஊசிகள் சிலவற்றை எடுத்து ஒரு துணித்துண்டில் குத்திக் கொடுத்தார். கூடவே கறுப்புப் பட்டு நூல் ஒரு கண்டு. "வேர்வைக் கையில தொட வேண்டாம்னு சொல்லுங்க. துருப் பிடிச்சுக்கும்" என்றார்.

மாலை அஞ்சல் நிலையம் பக்கத்துத் தொலைபேசி பூத்திலிருந்து பங்குச்சாமியாருக்குப் பேசினேன். எல்லாம் சொன்னேன்.

"பிரிச்சிட்டானா?" என்றார். பிறகு, "சேர்ந்திருமா?" என்றார்.

"சேர்ந்திரும் சாமி. ஆனா அவசரப்படுத்தக் கூடாது. நான் ஞாயிறு வரைக்கும் இங்கன இருக்கேன். பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிருங்க."

"ஊர்ல கேட்டா என்ன சொல்ல?"

"ஜரிகை வேலை நடக்குன்னு சொல்லுங்க. பொய்யில்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புஷ்பம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தவக்காலத்தில் மீனுக்குத் தடையில்லை. எங்கள் ஊர் வாசனை. இங்கே அதற்காகவே ஒரு தெரு முழுக்கக் கடைகள் இருக்கின்றனவாம். ராயப்பன் சாப்பிட்டு எழுந்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "காலைல அந்த டெய்லர்கிட்ட மிஷின் வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மனைவியைப் பார்த்துத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை கீழே மிஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே சாம்பிள் ரூமைத் திறந்தேன். மிஷின் ஓடினால் அந்த மேசை லேசாக அதிரும். புஷ்பம் தலைக்கு ஊற்றி, ஒருசந்தியாக வந்திருந்தாள். தோள் துண்டையும் முதுகுத் துண்டையும் சேர்த்து வைத்தாள். ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். நூல் ஊசிக்காதுக்குள் நுழையவில்லை. ராயப்பன் முயன்றான். அவன் விரல்கள் தடித்தவை.

"அண்ணாச்சி, நீங்க கோத்துத் தாங்க."

ஜன்னல் பக்கம் போய், நூல் நுனியை வாயில் வைத்து நனைத்து, மூன்றாவது முறையில் கோத்தேன். அவள் வாங்கிக்கொண்டு சிலுவை போட்டாள். பழைய துளைகளில் முதலாவதைத் தேடி, விரலால் தடவிக்கொண்டே போனாள்.